ஜெயித்தவர் திட்டுகிறார், பாதி கிடைத்தவர் சிரிக்கிறார்

"சார், ஜெயிச்சுட்டோம்ல, அப்புறம் ஏன் இன்னும் பணம் வரலை?" நுகர்வோர் வழக்கு நடத்தும் எந்த வக்கீலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார்.

என்னிடம் வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வாங்கி நாலே மாதத்தில் நின்றுபோன வாஷிங் மெஷினுக்காக, வக்கீல் வைக்காமல் தானே மனு எழுதி (என்னிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொண்டதோடு சரி), மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தானே பேசினார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது, ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. "பில்லை வாங்கிப் பார்த்தாங்க, ரெண்டு கேள்வி கேட்டாங்க, என்னை முழுசா பேச விட்டாங்க" என்றார். இன்னொருவருக்கு மொத்தத் தொகையும் தர உத்தரவானது. அவரோ ஆணையத்தின் பேரை எடுத்தாலே திட்டுவார். வாய்தா வாய்தாவாக அலைந்திருக்கிறார், தீர்ப்பு வந்தும் எதிர்தரப்பு ஒரு பைசா கட்டவில்லை.

எதிர்பார்ப்பை ஏற்றிவிடும் தப்பு முதல் நாளிலேயே நடக்கிறது என்பேன், அதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்கு உண்டு. எதிர்தரப்புக்கு ஆணையத்தின் நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமானால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள் எண்ணாதீர்கள், வருடக்கணக்கில் ஆவதும் உண்டு. 12,000 ரூபாய் போனுக்கு மன உளைச்சல் என்று 5 லட்சம் கேட்கவும் வேண்டாம். கடைசியில் ஐயாயிரம் வந்தால் தோற்ற மாதிரிதான் இருக்கும்.

நல்ல விஷயங்களும் இருக்கின்றன. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் முடியும். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். எதிர்தரப்பு பதிலுரை தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் நோட்டீஸ் சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

தீர்ப்பு வந்ததும் பணம் தானாக வராது. தருவதற்கான கெடு முடிந்தும் வராவிட்டால், பிரிவு 71இன்படி நிறைவேற்று மனு போட வேண்டும். பிரிவு 72 இன்னும் கடுமை: உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தேகூட விழலாம்.

அந்த இரண்டாமவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. மனு போட்டோம், நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் டி.டி. வந்தது. அதை என் மேஜையில் வைத்துவிட்டு, அப்போதும் ஆணையத்தைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.