அந்த ரேடியோ மருந்தை எடுத்து வாருங்கள், தாயே

ரேடியோவில் கேட்டு வாங்கிய மாத்திரையால் விழுந்து என்னிடம் வந்தவர்களில், இந்தத் திராட்சைப் பருவத்தில் இது மூன்றாவது ஆள். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோவைச் சுற்றி ஆகஸ்ட், செப்டம்பரில் குலைகளை அறுத்து, கொடிவரிசைகளுக்கு நடுவே காகிதம் விரித்துக் காயப்போடுவார்கள். உலர்திராட்சை அப்படித்தான் உருவாகிறது. நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாள் பதினெட்டு வயதிலிருந்து இதைத்தான் செய்கிறார். மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் வலிக்காக அவர் வரவில்லை. வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டல். ரத்த அழுத்தம் 84/50. முகம் மட்டும் பௌர்ணமி நிலாபோல உருண்டு சிவந்திருந்தது. மருத்துவம் படித்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமே இல்லை, தொக்தோரிதா." டாக்டரம்மாவை இங்கே மெக்சிகோக்காரப் பெரியவர்கள் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒன்றுமில்லை. மகள்தான் வாய் திறந்தாள்: "அந்த ரேடியோ மருந்து தீர்ந்து ஒரு வாரம் ஆச்சே, அம்மா."

"அது மருந்தில்லடி, மூலிகை."

2022-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கைகள் விட்டது. ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் விற்கப்பட்ட மூட்டுவலி மாத்திரைகளைச் சோதித்தபோது, லேபிளில் இல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் அவற்றுள் இருந்தன. ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்று வலி மாத்திரை. வெளியே எழுதியிருந்தது செந்தட்டியும் ஒமேகா-3-உம். என் நோயாளியின் பாட்டிலில் வேறு பெயர் இருந்தது. உள்ளே என்ன இருந்ததென்று நான் சோதிக்கவில்லை, ஆனால் அவர் உடம்பு அதே கதையைத்தான் சொன்னது. அந்த நிலா முகம் ஸ்டீராய்டின் அடையாளம். உடம்பு தானே சுரக்கிற ஸ்டீராய்டான கார்டிசாலின் அளவு பாதாளத்தில் கிடந்தது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தின்றால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போகும். நிறுத்தினார், விழுந்தார். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் பார்த்திருக்கவே முடியாமல் போயிருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகு. "ரேடியோவில் டாக்டரே சொன்னாரே" என்றார்.

தாயே, அவர் டாக்டர் இல்லை. இதை எத்தனை முறை, எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! சில வணிக நிலையங்கள் அரைமணி, ஒருமணி என்று நேரத்தை விற்கின்றன. வாங்குகிறவர் தன் ஆளை மைக்கின் முன் உட்காரவைக்கிறார். ரஞ்சேரா என்கிற மெக்சிகோ கிராமத்துப் பாட்டு ஒன்று, ஒரு வணக்கம், பிறகு 'இயற்கை மருத்துவர்' பேசுவார். யாரோ ஒருவர் தொலைபேசியில் வந்து, "என் முழங்கால் இப்போ இருபது வயசுக்காரன் முழங்கால்" என்பார். கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணும், முதலில் அழைக்கிறவர்களுக்கு இரண்டாவது பாட்டில் இலவசம் என்ற அறிவிப்பும். இது காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பும் நேரம் என்று சொல்லியே ஆக வேண்டும், சட்டம் இருக்கிறது. சொல்வார்கள், ஒரே மூச்சில், ஓட்டமாக. டிராக்டர் சத்தத்துக்கு நடுவே அது யார் காதில் விழும்? நம்மூர் டிவியில் காலையில் தைலம் விற்கிற அரைமணி நேரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

'அரசாங்கம் ஒப்புதல் கொடுத்தது' என்பது அடுத்த புளுகு. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊட்டச்சத்து மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டால் விற்பதற்கு முன் யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதே இல்லை. வேண்டாத ஒப்புதலை யார் கொடுத்திருப்பார்கள்? 'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்பவர்களுக்கு அசார்கோன் என்ற ஆரஞ்சு நிறப் பொடியை நினைவூட்டுகிறேன். குழந்தைக்கு வயிற்றில் உணவு ஒட்டிக்கொண்டது என்று நம்பிப் பாட்டிமார் கொடுத்தது. அது கிட்டத்தட்ட முழுக்க ஈயம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் அதனால் விஷமேறிய குழந்தைகளைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் ஒரு இளம் சக மருத்துவரிடம் புலம்பினேன். "ரேடியோ கேட்காதீங்கன்னு சொல்லிடுங்க" என்றார். இந்த ஊரில் எத்தனை வருடம் வேலை பார்க்கிறார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

இரண்டு கையும் திராட்சையில் இருக்கிற ஆள் துண்டுப்பிரசுரத்தை எப்படிப் படிப்பார்? காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. நான் அவரோடு வருடத்துக்கு இரண்டு முறை, பதினைந்து பதினைந்து நிமிடம் பேசுகிறேன். ரேடியோ ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம் பேசுகிறது. அதே அம்மாளின் கணவர், வெயில் 80 டிகிரி ஃபாரன்ஹைட்டைத் தாண்டினால் முதலாளி நிழல் போட்டுத் தர வேண்டும் என்று எனக்கே சொன்னார். கலிஃபோர்னியா 2005-இல் கொண்டுவந்த வெயில் விதியில் 2015-இல் சேர்ந்த வரம்பு அது. எங்கே தெரிந்துகொண்டார்? ரேடியோவில்தான்.

இந்த ஃபிரெஸ்னோவில்தான் 1980 ஜூலை 4 அன்று ரேடியோ பிலிங்வே என்ற சமுதாய நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. நிறுவியவர்களில் முதன்மையானவர் ஊகோ மொராலெஸ். மெக்சிகோவின் ஒவஹாகாவில் பிறந்த மிஸ்தெக் பழங்குடிக்காரர், சிறுவயதில் வயலில் வேலை செய்தவர், பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அந்த நிலையத்தின் 'லீனேயா அபியெர்தா' நிகழ்ச்சியில் நேயர்கள் அழைத்துக் கேள்வி கேட்கலாம், வாங்குவதற்கு எதுவும் கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தின் கிரேஞ்சரில் 1979-இல் தொடங்கிய கேடிஎன்ஏ-வும் பண்ணைத் தொழிலாளர்களுக்கான சமுதாய நிலையம்தான். தலைநகர் வாஷிங்டனில் எல்மெர் வெர்த்தா என்ற பெரு நாட்டுப் புற்றுநோய் மருத்துவர் 1989-இலிருந்து ஸ்பானிய ரேடியோவில் தினமும் பேசினார். டிவித் தொடர் எல்லாம் தெரிந்தவர்களுக்குத் தன் நோயைப் பற்றித் தெரியவில்லையே என்ற ஆதங்கம்தான் தொடக்கம். 1994-இல் நோய் வருமுன் பரிசோதிக்கும் மருத்துவமனைப் பிரிவு ஒன்றைத் திறந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள், ரேடியோவில் கேட்டோம் என்று வந்து வரிசையில் நின்றார்கள். எனக்குத் தெரிந்து ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை. நாம் வராத நேரத்தைத்தான் பாட்டில் விற்பவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. மெக்சிகோவிலிருந்து வந்த எல்லோருக்கும் ஸ்பானியம் தாய்மொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் நினைத்திருந்தேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்த ஒரு நோயாளிக்கு நான் சொன்னதில் பாதி புரியவில்லை என்பது மூன்றாவது சந்திப்பில்தான் விளங்கியது. அவர் பேசுவது மிஸ்தெக் பழங்குடியினரின் மொழியான மிஸ்தெகோ. ரேடியோ பிலிங்வேயில் அவர்களுக்கென்றே 'லா ஓரா மிஸ்தெகா' நிகழ்ச்சி இருக்கிறது, கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் 94.1-இல் ரேடியோ இந்திஹெனா என்ற பழங்குடியினர் நிலையம் இருக்கிறது. ரேடியோக்காரர்களுக்கு உறைத்தது மருத்துவர்களான எங்களுக்கு உறைக்கவில்லை.

சரி, செய்ய வேண்டியது. ரேடியோவில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிற வலி மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்கி எறியத் தோன்றும், எறியாதீர்கள். பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும். வாந்தி, மயக்கம் என்றால் அவசரப் பிரிவுக்கே போங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு. மூன்று நாளில் முப்பது வருட வலி பறந்தால் மூலிகைக்கு நன்றி சொல்லாதீர்கள், சந்தேகப்படுங்கள். முகம் உப்பினாலும் சர்க்கரை ஏறினாலும் அப்படியே. நிகழ்ச்சி முடிவில் ஆர்டர் செய்ய எண் தந்தால் அது கடை.

சக மருத்துவர்களுக்கு: "என்ன மருந்து?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "எந்த ரேடியோ கேட்பீங்க? அதில் என்ன வாங்கினீங்க?" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். நான் ஒருமுறை திட்டினேன், அந்த மனிதர் திரும்பி வரவேயில்லை.

அம்மாள் தேறிவிட்டார். போன வாரம் ஒரு பை நிறையப் பாட்டில்களோடு வந்தார், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கி வந்தவையும் சேர்த்து. ஒரு சிறிய சமுதாய நிலையத்தில் வியாழக்கிழமை அரைமணி நேரம் பேசப் போகிறேன், கேளுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"நல்லது, தொக்தோரிதா. நீங்க என்ன விக்கப் போறீங்க?"