பம்ப் அடித்தும் போகாத சாம்பல் பூச்சு

நாமக்கல் பக்கம் வாட்டர் சர்வீஸ் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பன்னிரண்டு சக்கர டாரஸ் லாரி. ஒன்றரை மணி நேரம் முழு பிரஷரில் அடித்தேன். சேறு, மண்கட்டி எல்லாம் ஓடிவிட்டது. ஈரமாக இருந்தவரை கேபின் பளபளவென்று இருந்தது. வெயிலில் காய்ந்ததும் சாம்பல் பூத்தது போல் ஆகிவிட்டது. ஓனர் கதவில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு, பேசியதில் பாதிப் பணம்தான் கொடுத்தார். இன்னும் பெரிய பம்ப் வாங்கினால் சரியாகுமா?"

ஆகாது. காரணம் தெரிந்தால் அந்தப் பணம் உங்களுக்கு மிச்சம்.

லாரியின் மேல் இருப்பது வெறும் மண் இல்லை. டீசல் கரி, டயர் தேய்ந்த ரப்பர் தூள், பிரேக்கில் இருந்து வரும் இரும்புத் தூள், என்ஜின் ஆயில் திவலை எல்லாம் சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு பூச்சாகப் படிந்திருக்கிறது. இதில் பெரும்பாலான துகள்கள் சில மைக்ரான் அளவுதான். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஈரத்தில் இந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாது. துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிரம்பிவிடுவதால் ஒளி அவ்வளவாகச் சிதறுவதில்லை. காய்ந்ததும் சிதறுகிறது, சாம்பல் நிறம் தெரிகிறது.

சரி, பம்புக்கு வருவோம். 100 பார் அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கு) கன்னை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை, விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகத்தைப் பள்ளிக்கூடச் சமன்பாட்டிலேயே கணக்கிடலாம். நொடிக்குச் சுமார் 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். இவ்வளவு வேகம் ஒரு தூசியைத் தள்ளாதா?

வீட்டு சீலிங் ஃபேனைப் பாருங்கள். ஐந்தாம் நம்பரில் சுற்றும்போது இறக்கையின் நுனி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஆனாலும் இறக்கையில் கறுப்பாகத் தூசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றோ தண்ணீரோ, ஒரு பரப்பின் மேல் ஓடும்போது அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுக்கு ஓடுவதே இல்லை. பரப்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த அடுக்கு மெல்ல நகர்கிறது, அதற்கு அடுத்தது இன்னும் கொஞ்சம் வேகமாக. இப்படி ஏறி ஏறித்தான் முழு வேகம் வருகிறது. இந்த மெல்லிய பகுதிக்கு எல்லை அடுக்கு என்று பெயர். 1904ஆம் ஆண்டு ஹைடல்பெர்க்கில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மன் அறிஞர் லூட்விக் பிராண்டில் இதை விளக்கினார். விமானம் பறப்பதைக் கணக்கிட உதவும் அதே கருத்து லாரிக் கதவின் அழுக்குக்கும் பொருந்துகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

மண்கட்டி இந்த அடுக்கைத் தாண்டித் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அடி வாங்கி உருண்டு போகிறது. இரண்டு மைக்ரான் கரித்துகளோ அடியில் பதுங்கியிருக்கிறது. மேலே புயல் அடித்தாலும் அதன் தலைமட்டத்தில் தென்றல்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த ஆழத்தில் துகளைத் தண்ணீர் தள்ளும் விசை, ஏறத்தாழ துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகளைப் பரப்போடு பிடித்து வைத்திருக்கும் மூலக்கூறு ஈர்ப்போ விட்டத்தை மட்டும்தான் பொறுத்தது. அப்படியானால் துகளின் அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் தள்ளும் விசை நூறில் ஒன்றாகிவிடும், பிடிக்கும் விசை பத்தில் ஒன்றாகத்தான் குறையும். சிறிதாக ஆக ஆகப் பிடிதான் ஜெயிக்கும். ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு பக்கம் உப்பும் மறுபக்கம் முகப் பவுடரும் தூவி ஊதிப் பாருங்கள். உப்பு பறந்துவிடும். பவுடர் எவ்வளவு ஊதினாலும் தட்டில் வெள்ளையாக ஒரு படலத்தை விட்டுவைக்கும். அதில் விரலால் கோடும் போடலாம், உங்கள் ஓனர் போட்ட அதே கோடு.

ஆகவே தள்ளிப் பயனில்லை, பிடியைத் தளர்த்த வேண்டும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும் என்பது பள்ளியில் படித்ததுதான். அது துகளுக்கும் பெயிண்டுக்கும் நடுவே நுழைந்து எண்ணெயைக் கழற்றுகிறது. அதோடு, காரத்தன்மையுள்ள கரைசலில் துகளும் பெயிண்டும் இரண்டுமே எதிர்மின் தன்மை அடைகின்றன, ஒன்றையொன்று விலக்குகின்றன. லாரிக்கென்று விற்கும் ஷாம்பு காரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலைக்கு நேரம் வேண்டும். ஃபோமை, அதாவது ஷாம்பு நுரையை, கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து அடித்தால் வழியும் சோப்பு காய்ந்த பகுதியில் வரிவரியாகக் கறை போடும். சில நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். அப்புறம் மென்மையான பிரஷ். பிரஷின் நாருக்கு எல்லை அடுக்கு ஒரு தடையே இல்லை, நேராகத் துகளைத் தொட்டுவிடும். போன மாதம் சங்ககிரி அருகே ஒரு ஷெட்டில் கதவின் ஒரு பாதியை பம்ப் மட்டும் அடித்தும், மறு பாதியை ஃபோம் ஊறவைத்து பிரஷ் போட்டும் கழுவச் சொன்னேன். காய்ந்ததும் வெள்ளை வேட்டித் துணியால் இரண்டையும் துடைத்தோம். ஒரு பக்கம் துணி கரியானது, மறு பக்கம் லேசாக மங்கியதோடு சரி.

கான்கிரீட் மிக்சர் லாரி வந்தால் கதை வேறு. இறுகிய சிமென்டில் உள்ள கால்சியம் சேர்மங்களை ஆசிட் கரைக்கும் என்பதால் பலர் அதையே ஊற்றுகிறார்கள். அலுமினியப் பாகங்களில் அது பட்டால் மங்கிவிடும். அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் ஆசிட்டிலும் கரையும், காஸ்டிக் சோடாவிலும் கரையும். இரண்டையும் அங்கே தவிர்க்கவும். டயருக்குப் பக்கத்தில் கன்னைக் கொண்டுபோகவும் வேண்டாம். ஓர் அடி தூரமாவது இருக்கட்டும், பக்கச்சுவர் உள்ளுக்குள் சேதமானால் வெளியே தெரியாது.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் சரிப்படாது. கடினநீர் காயும்போது சுண்ணாம்புப் புள்ளிகளை விட்டுச் செல்கிறது. இரண்டு டிரம் மழைநீர் சேமித்து வைத்தால் கேபினுக்குப் போதும்.

பின்புறத்து ஒளிரும் ஸ்டிக்கரைத் தனியாகத் துடையுங்கள். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் அழுக்கை இரண்டு முறை கடக்கிறது, போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பாதி போனால் மிஞ்சுவது கால்வாசி. ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பவர்கள், இரவில் நிற்கும் லாரியில் வண்டிகள் வந்து மோதுவதற்குக் கண்ணேறு காரணமில்லை, இந்த மங்கிய ஸ்டிக்கர் ஒரு காரணம் என்பதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் நிறுவனங்கள் ஒரு மைக்ரான் அளவுத் தூசியை அகற்ற எத்தனையோ ஆராய்ச்சிக்குச் செலவு செய்கின்றன. லாரிக்கு அந்த அளவுக்கு யாரும் செய்வதாகத் தெரியவில்லை. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எந்த ஊர் போர் தண்ணீரில் எந்த ஷாம்பு எத்தனை பங்கு கலந்தால் வேலை செய்யும், கழுவிய எண்ணெய்த் தண்ணீரை எப்படி வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று மாணவர்களுக்கு ஒரு புராஜெக்டும் கொஞ்சம் நிதியும் கொடுத்தால் என்ன? அந்தத் தண்ணீர் இன்று பல இடங்களில் சாக்கடைக்குத்தான் போகிறது.

வாசகருக்கு: அடுத்த முறை அந்த ஓனர் வரும்போது கதவில் பாதியை மட்டும் பிரஷ் போட்டுக் காயவைத்துக் காட்டுங்கள், அவரையே இரண்டு பக்கமும் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கூலியை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.