லேண்ட்ஸ்கேப்: காட்சியா, திணையா?

கோத்தகிரியில் ஒரு சரிவைப் பொது இடமாக வடிவமைத்துப் பழக மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். என்ன படிக்கிறீர்கள் என்று டீக்கடை அக்கா கேட்டார். "லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்க்கா." "அப்படின்னா?" பையன் கொஞ்சம் தடுமாறி, "தோட்டம் போடற மாதிரி" என்றான். அவன் மேல் தப்பில்லை, அந்தச் சொல் அவனுக்குக் கைகொடுக்கவில்லை.

லேண்ட்ஸ்கேப் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'லாண்ட்ஸ்காப்' என்றால் முதலில் ஒரு நிலப்பகுதி. பிறகு அதைத் தீட்டிய ஓவியம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குப் போனது ஓவியர்களின் சொல்லாகத்தான். ஓவியத்தைக் குறித்த சொல் பிறகு கண்ணெதிரே விரியும் காட்சிக்கும் ஆகிவந்தது. ஆகவே, எட்ட நின்று பார்க்கும் ஒருவர் எப்போதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். கொடைக்கானலில் 1872இல் மலை விளிம்பில் வெட்டிய கோக்கர்ஸ் வாக் அந்தப் பார்வையில் பிறந்த பாதைதான்.

ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் தலைமைத் தச்சர் என்று பொருள். 1858இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்ற ஓல்ம்ஸ்டெடும் வாக்ஸும் அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு சொற்களையும் சேர்த்துத் தங்கள் தொழிற்பெயராக வைத்துக்கொண்டார்கள்.

சரி, தமிழில்? ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் நிலக்காட்சி, நிலத்தோற்றம் இரண்டுமே நல்ல சொற்கள். 'நிலத்தோற்றக் கட்டடக்கலை' எனக்கு ஒட்டவில்லை. இந்தத் துறையில் கட்டடம் சிறு பகுதி. மண்ணும் நீரும் மரமும் பருவமும்தான் பெரும்பகுதி. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் சொல் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது: திணை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. மரம், விலங்கு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகளில் ஒன்று கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். கோத்தகிரியில் வடகிழக்கு மழை வெளுத்து வாங்கும் மாதங்களும் அவைதான்.

அக்கா வரைபடத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்: "ஐப்பசி மழைத் தண்ணி எங்க தம்பி போகும்?" சரிவு முழுக்கப் புல்தரை, அதற்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஓடை வந்து முட்டி நின்றது. பையன் அழித்துவிட்டு ஓடைக்கு வழிவிட்டு வரைந்தான். அக்கா கேட்டது திணைக் கேள்வி. அதனால் என் பரிந்துரை 'திணை வடிவமைப்பு'. அது பழகும்வரை நிலவடிவமைப்பு என்றும் சொல்லலாம்.

அப்புறம், பொது இடம். இதற்குப் பழைய சொல் மன்றம். இன்று நகராட்சி மன்றம், ரசிகர் மன்றம் என்று ஆள்கூட்டத்துக்குப் போய்விட்டது. அன்று ஊர் நடுவே மரத்தடியில் இருந்த திறந்த வெளி. புறநானூற்றின் 128ஆம் பாடலில், ஒரு மலையூரின் மன்றத்துப் பலாமரத்தில் இரவலர்கள் முழவு என்ற பறையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பலாப்பழம் என்று நினைத்து மந்தி தட்டுகிறது. மரம், நிழல், வெளியூர்க்காரர் மூட்டை இறக்கிவைக்க ஓர் இடம், கூடவே குரங்கு! ஒரு மலையூர்ப் பொது இடத்துக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

மன்றத்தின் உறவுச் சொற்கள்தான் மதுரைப் பக்கத்தில் ஊர்ப் பொதுவெளியைக் குறிக்கும் மந்தையும், நீலகிரித் தோடர் குடியிருப்பைக் குறிக்கும் மந்தும். ஊட்டியில் முத்தநாடு மந்து இருக்கிறது. உதகமண்டலம் என்ற பெயரின் வாலில் ஒட்டியிருப்பதும் அதே மந்துதான்.

அந்தச் சரிவின் தடுப்புச் சுவரில், குடையை மடியில் வைத்தபடி தோட்டத்துப் பெண்கள் சாயங்காலப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். மாணவர்கள் சுவரை ஒரு முழம் அகலமாக்கி, மேலே கூரை போட்டு, 'சிட்டிங் ஸ்பேஸ்' என்று எழுதியிருந்தார்கள். நான் பென்சிலை வாங்கி அதன் கீழே 'மன்றம்' என்று எழுதிக் கொடுத்தேன்.