சைஸ்: அளவா, அளவெண்ணா?

மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் எந்திரங்கள் ஓடிய காலத்தில், ரவிக்கை தைக்கப் போனால் முதல் கேள்வி இதுதான்: "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களாக்கா?" சாயம் போன பழைய ரவிக்கையை நீட்டினால், தையற்காரர் அதை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலை விரலால் தடவிப் பார்ப்பார். அங்கே இரண்டு மூன்று வரிசை ஓடியிருக்கும். பிள்ளை பெற்று உடம்பு பூசினால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும். அளவு என்றால் நமக்கு அந்தந்தப் பெண்ணின் உடம்பு.

சைஸ் வேறு வழியாக வந்த சொல். 'உட்காருதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சில் 'அசீஸ்' பிறந்தது; அவையில் அமர்ந்து விதிக்கும் ஆணை என்று பொருள். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியின் எடையை இப்படித்தான் ஆணையிட்டு வரையறுத்தார்கள். அந்தச் சொல் தலை தேய்ந்து சைஸ் ஆனது.

உடுப்பிலும் விதித்தார்கள். 1939-40இல் அமெரிக்க வேளாண் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. கணக்கில் சேர்த்தது வெள்ளையினப் பெண்களை மட்டும். அதை அடியொற்றி 1958இல் வந்த தர அளவுப் பட்டியல், இடை ஒடுங்கிய உருவத்தையே மாதிரியாக வைத்தது. நம் புலவர்கள் துடியிடை என்று பாடியதும் உடுக்கை போன்ற அதே உருவம்தான். ஆனால் பாட்டைப் பார்த்து நம்மூர்த் தையற்காரர் துணி வெட்டியதில்லை.

மாசி வீதிக் கடையொன்றில் என் தங்கை மகள் மூன்று சுடிதார் போட்டுப் பார்த்தாள். தோளில் சேர்ந்தது இடையில் பிடித்தது. "என் உடம்புதான் கோணல், பெரியம்மா" என்று கண் கலங்கினாள். எனக்கு மனசு ஆறவில்லை. 'சட்டை பத்தல' என்றுதானே நாம் சொல்வோம்? குறை சட்டையில் என்பதை அந்தப் பேச்சே சொல்லிவிடுகிறது.

இந்தியாவுக்கென்று ஒரு பட்டியல் உருவாக்க, தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் அளக்கும் திட்டத்தை எடுத்தது. நல்ல வேலை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? உடம்பை அளந்து வருவது அளவு. சட்டைக் கழுத்துப் பட்டையில் அச்சிட்டிருக்கும் 38, எக்ஸ்எல் போன்றவற்றை அளவெண் அல்லது அளவுக்குறி என்று பிரித்துச் சொல்லலாம் என்பது என் கருத்து. நைட்டியில் இருக்கும் 'ஃப்ரீ சைஸ்'? பொது அளவு.