‘ஏன் என்னை மட்டும்?’: பள்ளிச் சீண்டலில் ஆலோசனை வேலை செய்யும் விதம்

சக மாணவர்களால் தொடர்ந்து சீண்டப்படும் பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துச் சென்றால், வெறும் பேச்சைக் கொண்டு அவர் எதை மாற்றிவிட முடியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வம்பு செய்பவன் ஒருவன், ஆலோசனை மட்டும் இன்னொருவனுக்கா என்பது அவருடைய ஆதங்கம். நியாயமான கேள்விதான்.

சாதாரணச் சண்டையையும் சீண்டலையும் (bullying) பிரித்துக் காட்ட, 1970களில் இத்துறையின் ஆய்வுகளைத் தொடங்கிவைத்த நார்வே உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நிகழ்வது, இரு தரப்பின் பலமும் சமமாக இல்லாதது. பலம் சமமில்லாத இடத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ‘கை கொடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் முடித்துவைக்கும் சமாதானம், பலவீனமானவனை இன்னொரு முறை பணியவைப்பதாகவே முடியும்.

உண்மையான வேலை, அந்தப் பிள்ளை தனக்குள் கேட்டுக்கொள்ளும் ‘ஏன் என்னை மட்டும்?’ என்ற கேள்வியில் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் சாண்ட்ரா கிரஹாமும் யானா யூவோனனும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இக்கேள்விக்கு மாணவர்கள் சொல்லிக்கொள்ளும் விடைகளை வகைப்படுத்தினார்கள். ‘நான் அந்த இடத்துக்குப் போயிருக்கக் கூடாது’ என்பது ஒருவகை. ‘நான் இப்படிப்பட்டவன், அதனால்தான்’ என்பது இன்னொரு வகை. தனிமையுணர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிப் பிணைந்திருந்தது இரண்டாவது வகைதான். இடத்தை மாற்றிக்கொள்ளலாம், தன்னை எப்படி மாற்றிக்கொள்வது? மாற்றவே முடியாத ஒன்றைக் காரணமாக நம்பிவிட்ட மனம், நாளையும் இதேதான் நடக்கும் என்று இன்றே முடிவு செய்துவிடுகிறது.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், ‘நான் கருப்பாக இருக்கிறேன், அதனால்தான் சார்’ என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘நிறத்தில் என்னப்பா இருக்கிறது’ என்று நல்ல ஆலோசகர் ஆறுதல் சொல்வதில்லை. அந்த ஆறுதலை அவன் வீட்டிலேயே பலமுறை கேட்டிருப்பான். மாறாக, ஒரு தாளை நீட்டி, ‘இந்த வாரம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடந்தது, அப்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள், எழுதுப்பா’ என்கிறார். எழுதி முடித்தால், மதிய உணவு இடைவேளை, தண்ணீர்க் குழாய்ப் பக்கம், சிரிப்பதற்கு அதே நான்கு பேர் என்று ஒரு வரைபடம் தெளிகிறது. கணக்கு வகுப்பிலும் இதே நிறத்தோடுதான் அவன் உட்கார்ந்திருந்தான்; அங்கே எதுவும் நடக்கவில்லை. காரணம் தன் தோலில் இல்லை, கண்காணிப்பில்லாத ஓரிடத்திலும் அங்கே கூடும் கூட்டத்திலும் இருக்கிறது என்பதை அவன் தானே கண்டுபிடிக்கிறான். பிறர் சொல்லிக் கேட்டதைவிடத் தன் கையெழுத்தில் உள்ள சான்றை மனம் எளிதில் நம்புகிறது. பேச்சு மருந்தாகும் இந்த நுட்பம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

(பள்ளிக்குப் போகப் பயந்து, திங்கட்கிழமை காலைகளில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து, மந்திரித்துக் கயிறு கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. கயிறு செய்யும் தீங்கு, காரணம் பிள்ளையின் உடம்பிலேயே இருப்பதாக அவனையும் நம்பவைப்பதுதான்.)

அந்தத் தாள் பள்ளிக்கும் பயன்படுகிறது. டொரன்டோ பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், வேடிக்கை பார்த்த மாணவர்கள் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பத்தே நொடிகளில் சீண்டல் நின்றது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி குழுவினர் உருவாக்கிய கிவா (KiVa) என்ற சீண்டல் தடுப்புத் திட்டம், இந்த வேடிக்கை பார்ப்போரையே குறிவைக்கிறது. பாதிக்கப்பட்டவனிடமும் சீண்டியவர்களிடமும் தனித்தனியே பேசுவதோடு, வகுப்பில் செல்வாக்குள்ள சில மாணவர்களை அழைத்து, அவனுக்குத் துணையாக இருக்கும்படி ஆசிரியர் கேட்டுக்கொள்கிறார். ஆலோசனை அறையில் ‘குறை உன்னிடம் இல்லை’ என்று கண்டதற்கு, மறுநாள் மதியம் பக்கத்தில் வந்து அமரும் ஒருவன் சாட்சியாகிறான்.

இதில் எதிர்பாராத திருப்பம் ஒன்று உண்டு. கிவா நடைமுறையில் இருந்த நெதர்லாந்துப் பள்ளிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வின்படி, அத்திட்டத்துக்குப் பிறகும் சீண்டலிலிருந்து மீளாத சில மாணவர்கள், திட்டமே இல்லாத பள்ளிகளில் சீண்டப்பட்டவர்களைவிட அதிக மனச்சோர்வோடு இருந்தார்கள். பலர் சீண்டப்படும் வகுப்பில் ‘இந்த வகுப்பே இப்படித்தான்’ என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோரும் நலமாக இருக்கும் வகுப்பில் ஒருவன் மட்டும் சிக்கிக்கொண்டால், ‘அப்படியானால் குறை என்னிடம்தான்’ என்ற விடையைத் தவிர அவனுக்கு வேறு விடை கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்விக்கான 14417 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. அவசரத்துக்கு அவை தேவையே. ஆனால் மேலே சொன்ன வரைபடத்தைத் தொலைபேசியிலோ, எப்போதாவது வந்துபோகும் ஆலோசகரைக் கொண்டோ வரைய முடியாது. அது அதே பள்ளியில் வாரக்கணக்கில் தங்கிச் செய்ய வேண்டிய வேலை. நிதி ஒதுக்குவோர் புகார்களின் எண்ணிக்கையைப் பார்த்தே ஆலோசகர் பணியிடத்தை முடிவு செய்வார்களானால், எண்ணிக்கை குறைந்த பள்ளிகளின் பணியிடங்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். நெதர்லாந்து ஆய்வு காட்டுவதோ, அப்பள்ளிகளில் எஞ்சியிருக்கும் ஓரிருவருக்கே அந்த ஆலோசகர் மிகவும் தேவைப்படுகிறார் என்பதை.