காப்பி பாதியில் படுத்துவிடுவது ஏன்?

“புது எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். 200 ஜிபி கல்யாண வீடியோவைப் போட்டால் முதலில் நொடிக்கு 120 எம்பி வேகத்தில் பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் 8, 10 என்று தவழ்கிறது. அதிலிருந்து படிக்கும்போது பிரச்சினை இல்லை. டிஸ்க் போச்சா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் போகவில்லை. ஆனாலும் மற்ற சந்தேகங்களை முதலில் கழித்துவிடுவோம்.

தொடக்கத்திலிருந்தே வேகம் 40 எம்பியைத் தாண்டவில்லையா? டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், யுஎஸ்பி 2.0 போர்ட்டிலோ பழைய கேபிளிலோ மாட்டியிருப்பீர்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கம் செருகுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குகளுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் வருகிறது. அது போதாமல் போனால் டிக் டிக்கென்று சத்தம் வரும், டிஸ்க் காணாமல் போய்த் திரும்ப வரும்.

அடுத்து, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து சி7, 05, சி5 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். சி7 ஏறிக்கொண்டே போனால் கேபிள் கோளாறு. கணினிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் சாட்டா கேபிளை மாற்றினால் தீரும். 05-லும் சி5-லும் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செக்டார்கள், அதாவது தகவல் பதியும் சிறு துண்டுகள், சாகத் தொடங்கிவிட்டன. முக்கியமான கோப்புகளை உடனே வேறிடத்தில் எடுத்துவையுங்கள். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் விடாமல் சுற்றிச் சுற்றி முயலும், நூற்றுக்கணக்கான தடவை. அந்த நொடிகளில் கணினி உறைந்து நிற்கும். இந்த நோய் வந்த டிஸ்க் படிக்கும்போதும் திணறும். நம் வாசகரின் டிஸ்க் எழுதும்போது மட்டும்தான் திணறுகிறது.

காரணம், பெரும்பாலும் எஸ்எம்ஆர் (ஷிங்கிள்டு மேக்னடிக் ரெக்கார்டிங்) எனப்படும் எழுதும் முறை. ஹார்டு டிஸ்க்கில் எழுதும் முனை வேறு, படிக்கும் முனை வேறு. காந்தத் துகளைப் புரட்டிப்போட வலுவான புலம் வேண்டும் என்பதால் எழுதும் முனையை ஓரளவுக்கு மேல் ஒடுக்க முடியாது. படிக்கும் முனைக்கோ அகலத்தில் ஒரு பகுதியே போதும். அப்படியானால் தட்டில் தகவல் பதியும் வட்டத் தடங்கள் ஒவ்வொன்றையும் பக்கத்துத் தடத்தின் மேல் பாதி ஏறும்படி எழுதினால் என்ன? வெளியே தெரியும் கீற்றைப் படித்துக்கொள்ளலாம். அதே தட்டில் சுமார் 25 சதவீதம் வரை கூடுதலாக அடைக்கலாம். ஓடு வேய்வதும் இப்படித்தான். சிக்கலும் அங்கே உள்ளதேதான்: நடுவில் ஒரு ஓட்டை மாற்ற, மேலே படிந்திருப்பவற்றையெல்லாம் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும்.

அதனால் தடங்களைச் சில பத்து எம்பி அளவுள்ள பட்டைகளாகப் பிரித்து, இடையில் இடைவெளி விடுகிறார்கள். ஒரு பட்டைக்குள் 4 கேபி மாற வேண்டுமா? பட்டை முழுவதையும் படித்து, திருத்தி, முழுவதையும் எழுத வேண்டும். 30 எம்பி பட்டையை 100 எம்பி வேகத்தில் படிக்க 0.3 நொடி, எழுத இன்னொரு 0.3. நாலு கேபிக்கு அரை நொடிக்கு மேல்! இதை மறைக்கத்தான் தட்டிலேயே ஒரு பகுதி இடத்தைத் தற்காலிகக் கிடங்காக ஒதுக்கியிருக்கிறார்கள். வந்ததையெல்லாம் முதலில் அதில் கொட்டிவிட்டு, நாம் சும்மா இருக்கும்போது டிஸ்க் நிதானமாகப் பட்டைகளில் அடுக்குகிறது. கிடங்கு நிரம்பும் கணத்தில்தான் 120 எம்பி 8 எம்பியாகிறது.

தயாரிப்பாளர்கள் இந்த உள்விவரங்களைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு டிஸ்க்கின் மூடியில் துளை போட்டு, கண்ணாடிபோல் தெரியும் சன்னல் பொருத்தி, முனை எங்கே போய் வருகிறது என்று அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். கிடங்கு எங்கே, பட்டை எவ்வளவு பெரிது என்றெல்லாம் வெளியிலிருந்தே கண்டுபிடித்து 2015-இல் வெளியிட்டார்கள். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு நிதிக்குழுக்கள் நிராகரித்துவிடக்கூடிய வகை ஆய்வு இது. 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்க்குகளில் சில எஸ்எம்ஆர்தான் என்ற செய்தி வெடித்தபோது பயன் தெரிந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாக இயங்கச் செய்யும் ரெய்டு அமைப்பில் பூட்டுவதற்கென்றே விற்ற வரிசை அது. அதில் ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதை மாட்டித் தகவலை மீட்டமைக்கும்போது இடைவிடாமல் எழுத வேண்டும். அங்கேதான் எஸ்எம்ஆர் மண்ணைக் கவ்வும்.

உங்களுடையதும் அதே ரகமா? 100 ஜிபி காப்பி செய்து, வேகம் விழுந்ததும் நிறுத்துங்கள். கேபிளைப் பிடுங்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். காதை வைத்தால் உள்ளே முனை நகரும் சத்தம்கூடக் கேட்கலாம். பிறகு பழைய வேகம் திரும்பினால் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். இதற்கு மருந்து பொறுமை: பெரிய வேலையைத் தவணையாகப் பிரித்து, இடையில் மின்சாரத்தோடு ஓய்வு கொடுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள். டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்றாக அடுக்கும் வேலை) செய்யவே செய்யாதீர்கள், அது பட்டைகளை வீணாகக் கலைத்துப்போடும். டிஸ்க்கைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் வைத்தியம் இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், உயிரோடிருந்த டிஸ்க்கும் சாகும்.

காப்புப்பிரதிக்கும் படம் பார்க்கவும் எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும். விண்டோஸ் இருக்கும் டிரைவாகவோ, சிசிடிவி பதிவுக்கோ, ரெய்டிலோ போடாதீர்கள். அதற்கெல்லாம் வாங்கும்போது மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடி, ‘சிஎம்ஆர்’ (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.