லினக்ஸை அழிக்கும் முன் பூட் வரிசையை மாற்றுங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு என் கடைக்கு வந்தாள். கூடவே அவள் அப்பா, தக்காளி மண்டியிலிருந்து நேராக. திறந்தால் கறுப்புத் திரை. மேலே ‘அந்த பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ‘கிரப் ரெஸ்கியூ’, பக்கத்தில் விட்டுவிட்டு மின்னும் ஒரு கோடு.

“விண்டோஸோட சேர்த்துப் போட்டிருந்த லினக்ஸ் வேணாம்னு அழிச்சேண்ணா. ரீஸ்டார்ட் பண்ணதும் இப்படி வந்துருச்சு. வேற கடையில காட்டுனோம், ஹார்டு டிஸ்க் போயிருச்சு, ஃபார்மட் பண்ணாத்தான் ஆகும்னாங்க.”

“பாப்பா படிப்பு பூரா இதுக்குள்ளதான் இருக்குங்க” என்றார் அப்பா.

ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவைச் செருகி, ரிப்பேர் பகுதிக்குள் போய், கணினியை எழுப்பும் நிரல் இருக்கும் பூட் செக்டாரை மட்டும் திரும்ப எழுதினேன். விண்டோஸ் எழுந்து வந்தது. அவள் முதலில் திறந்தது புராஜெக்ட் ஃபோல்டரைத்தான். எல்லாம் அப்படியே இருந்தன. முந்தைய கடையில் சொன்னபடி ஃபார்மட் செய்திருந்தால் எல்லாமே போயிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? பழைய முறையில் ஓடும் கணினிகளில் டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். லினக்ஸோடு வந்து, விண்டோஸா லினக்ஸா என்று கேட்டு எழுப்பும் நிரலான கிரப், அவ்வளவு சின்ன இடத்தில் முழுதாக அடங்காது. அதனால் வாசலில் ஒரு துண்டை வைத்துவிட்டு, மீதியை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்துக்கொள்கிறது. நீங்கள் லினக்ஸை அழித்தால் அந்த மீதியும் சேர்ந்து போகிறது. வாசலில் நிற்கும் துண்டு அதைத் தேடித் தேடி நின்றுவிடுகிறது. பக்கத்து அறையில் விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதை எழுப்பத்தான் ஆள் இல்லை.

நம் மாவட்டத்தில் இந்தக் கோளாறை நிறையப் பார்க்கிறேன். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தன. இடம் போதவில்லை என்று அப்போதே பலர் பாஸை அழித்துவிட்டு வந்து நின்றார்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்ற பிறகு, பழைய கணினியில் பக்கத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுப் பார்த்து, பழகாமல் திரும்புகிறவர்களும் வருகிறார்கள். லினக்ஸைப் போட்டதில் தவறே இல்லை. எடுக்கிற வரிசைதான் தவறுகிறது.

முதலில் ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். அடுத்து பூட் அமைப்பைச் சரிசெய்யுங்கள். பழைய முறைக் கணினி என்றால் மேலே நான் செய்ததுபோல் பூட் செக்டாரைத் திரும்ப எழுத வேண்டும். யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் எழும் கணினி என்றால் பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். ரீஸ்டார்ட் செய்து, கிரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே, விண்டோஸில் பார்ட்டிஷன்களைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கம் போங்கள். அங்கே லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து இருக்காது. இன்ஸ்டால் செய்தபோது எத்தனை ஜிபி கொடுத்தீர்கள் என்பதை வைத்து அடையாளம் காணுங்கள். பெரும்பாலும் 100 எம்பி அளவில், ‘இஎஃப்ஐ சிஸ்டம்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தொடவே கூடாது, விண்டோஸின் பூட் நிரலும் அதற்குள்தான்.

அழித்த இடத்தை சி டிரைவோடு சேர்க்க ‘எக்ஸ்டெண்ட்’ அழுத்தினால் அது மங்கலாகவே இருக்கிறது என்று போன் செய்வார்கள். காலி இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டி இருந்தால்தான் சேரும். நடுவில் விண்டோஸை மீட்க வைத்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தால் அதை அழித்து வழி பண்ணாதீர்கள். காலி இடத்தைப் புது டிரைவாக வைத்துக்கொண்டால் போதும்.

நான் மீட்க முடியாமல் போனதும் உண்டு. காவேரிப்பட்டினத்தில் கணக்கு எழுதும் ஒருவர், பூட் அமைப்பை மாற்றியதும் நீலத் திரை வந்து 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்டது என்று வந்தார். கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கை மாற்றி வைப்பதுதான் பிட்லாக்கர். அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் லேப்டாப் வாங்கிய இடத்தில் ஏதோ ஒரு மெயில் ஐடியில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அது யாருக்கும் நினைவில்லை. கீ இல்லாமல் நானோ வேறு யாருமோ அதைத் திறக்க முடியாது. இரண்டு வருடக் கணக்கு போனது. அவர் எதுவும் பேசாமல் சார்ஜரை மடித்துப் பையில் வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புது லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே இந்த மாதிரி என்கிரிப்ஷன் ஓடிக்கொண்டிருக்கலாம். பூட் அமைப்பைத் தொடும் முன் செட்டிங்ஸில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் கீயைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை வைத்துக்கொள்வது இதைவிடச் சுலபம். கிரப் லினக்ஸுக்குள்ளேயே இருப்பதால் உடையாது. அழித்த பிறகு கிரப்பை ஒருமுறை அப்டேட் செய்தால் மெனுவிலிருந்து விண்டோஸ் பெயர் போய்விடும். இஎஃப்ஐ பார்ட்டிஷனை இங்கேயும் விட்டுவைக்க வேண்டும்.

ஏற்கெனவே அழித்துவிட்டு, கறுப்புத் திரையோடு இதைப் போனில் படிக்கிறீர்களா? கணினியை அணைத்து வையுங்கள். எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள், விண்டோஸைப் புதிதாகப் போடவும் வேண்டாம். யாரிடம் கொண்டுபோனாலும் “பூட் அமைப்ப மட்டும் சரிபண்ணுங்க, என் ஃபைல் வேணும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.